நுரையும் கசப்பும்

கசப்பை நாம் மருந்தாக ஏற்போம். விருந்தாக ஏற்க மாட்டோம். சித்திரைப் பிறப்பன்று வேப்பம்பூப் பச்சடி வைக்கிறோம். எங்கள் அண்டை வீட்டுத் தெலுங்கர்கள் உகாதியன்று வைக்கிறார்கள். ஆனால் அதில் வெல்லம் எவ்வளவு, வேப்பம்பூ எவ்வளவு என்று யாராவது எண்ணிப் பார்த்ததுண்டா? பாகற்காயை எடுத்துக்கொள்ளுங்கள். உப்பிட்டுப் பிசறி, பிழிந்து, புளி ஊற்றி, வெல்லம் கிள்ளிப் போட்டு, தான் பாகற்காய் என்பதையே அது மறந்த பிறகுதான் இலைக்கு வருகிறது. சுண்டைக்காய் வற்றல் ஒன்றைத்தான் நம் வீடுகளில் கசப்பாகவே உண்கிறோம். அதையும் எண்ணெயில் பொரித்து, சோற்றில் பிசைந்து, 'வயிற்றுக்கு நல்லது' என்று சமாதானம் சொல்லிக்கொண்டுதான் விழுங்குகிறோம்.

அப்படியிருக்க, கசக்க வேண்டும் என்பதற்காகவே ஒரு கொடியை வளர்த்து, அதன் பூவைப் பறித்து உலர்த்தி, கொதிக்கும் சாற்றில் இட்டு, அந்தக் கசப்பு குறைந்துவிட்டால் சரக்கு கெட்டுவிட்டது என்று வருந்துகிறவர்களும் இவ்வுலகில் இருக்கிறார்கள். அவர்களுடைய பானத்தில் ஒரு தம்ளரைச் சென்ற பொங்கல் விடுமுறையில் நான் சுவைத்தேன். ஜப்பான் நாட்டில் மூலைக் கடைகளில் டப்பாவில் விற்கும் பேல் ஏல் என்னும் பீர் வகை அது. அதைப் பற்றியதே இக்கட்டுரை. தலைப்பைக் கேட்டதும் இதழாசிரியர் சற்று நெளிந்தார். "ஏழுமலையான் அடிவாரத்தில் இருந்துகொண்டு இதையா எழுதுவது?" என்றார். படித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று கையெழுத்துப் பிரதியைக் கொடுத்துவிட்டு வந்தேன். நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், அவர் நெஞ்சுரம் உள்ளவர் என்று கொள்க.

என் ஊர் விஜயபுரம். நம் மன்றத்தில் பலருக்கு அந்தப் பெயர் பிடிபடாது. 'நகரிக்குப் பக்கம்' என்றால் தலையசைப்பார்கள். 'திருத்தணிக்குப் பக்கம்' என்றாலும் தவறில்லை. 1960 ஏப்ரல் முதல் நாள் எல்லை மாற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. எங்கள் ஊர் ஆந்திரத்தில் நின்றுவிட்டது. நாங்களோ அந்த வழக்கில் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை, பின்னால் வந்தவர்கள். என் தந்தையார் ஆரணிப் பக்கத்திலிருந்து நகரியின் விசைத்தறிகளுக்கு வேலை தேடி வந்தவர். அம்மா அந்தத் தறிகளுக்கு இன்றும் தார் சுற்றுகிறார். வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, தறிக் கூடத்தில் இரண்டும் கலந்து, தறிச் சத்தத்தில் எதுவும் காதில் விழாமல் போவதால் பெரும்பாலும் கைச்சாடை. இதுதான் எங்கள் மொழி நிலவரம்.

பீரைப் பற்றி ஏட்டளவில் எனக்கு நிரம்பத் தெரியும். உயிர் வேதியியல் முதுகலை மாணவனுக்கு ஈஸ்ட் என்பது குலதெய்வம் போன்றது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை இரண்டு ஆல்கஹாலாகவும் இரண்டு கரியமில வாயுவாகவும் அது உடைக்கிற வித்தையைத் தேர்வுத் தாளில் எத்தனை முறை எழுதியிருப்பேனோ! ஆயினும் இருபத்து மூன்று வயது வரையில் ஒரு சொட்டும் என் நாவில் பட்டதில்லை. இதை நற்பண்பு என்று யாரும் பாராட்ட வேண்டாம். என் தந்தையார் 2018இல் கல்லீரல் கெட்டு இறந்தார். அப்போது நான் பத்தாம் வகுப்பு. அந்த வாடைக்கு எங்கள் வீட்டில் இடமில்லாமல் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

எங்கள் சீமைக்கும் மதுவுக்கும் நடக்கும் வழக்கு நீண்டது. 1937 அக்டோபர் முதல் நாள் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார் என்பதைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். மறு ஆண்டே, 1938இல், அது சித்தூருக்கும் கடப்பைக்கும் வந்தது என்பதைப் பலர் அறியார். கள்ளுக்கடை வருவாய் போனதும் கஜானாவில் பள்ளம் விழுந்தது. அதை நிரப்ப 1939இல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரி பிறந்தது. கள்ளை மோந்தும் பாராதவன்கூட அன்று முதல் தன் சாமான் விலையில் அதற்கு ஈடு கட்டினான். இன்னொரு செய்தி நம் வளாகத்துக்கே உரியது. 1954இல் ஸ்ரீ வேங்கடேசுவரப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது ஆந்திர மாநிலத்தின் முதலமைச்சர் டங்குட்டூரி பிரகாசம். அதே ஆண்டு நவம்பரில் அவருடைய அமைச்சரவை சட்டசபையில் தோற்றுக் கவிழ்ந்தது. கவிழ்த்த பிரச்சினை யாது? மதுவிலக்கு! நமக்குப் பல்கலைக்கழகம் தந்த அமைச்சரவை இரண்டு மாதம் கழித்துக் கள்ளில் வழுக்கி விழுந்தது.

பிறகு நடந்தவை உங்களுக்குத் தெரிந்தவையே. 1992இல் நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டாவில் பெண்கள் சாராயக் கடையை எதிர்த்து எழுந்தார்கள். 1993இல் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995இல் முழு மதுவிலக்கு. 1997இல் அதுவும் போயிற்று. முழு மதுவிலக்கு இருந்த அந்த இரண்டாண்டுகளில் எங்கள் ஊர் ஆண்களுக்கு முருக பக்தி மிகுந்து, மாலையானால் திருத்தணிக்குப் புறப்பட்டுவிடுவார்களாம். மலை ஏறாமலே தரிசனம் முடித்துக்கொண்டு திரும்புவார்களாம். ஊர்ப் பெரியவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். 2019 அக்டோபரில் ஆந்திர அரசே கடைகளை நடத்தத் தொடங்கியது. 2024 அக்டோபரில் அவை மீண்டும் தனியாரிடம் சென்றன.

தடை என்ன, வரி என்ன, விலை என்ன, ஏலம் யாருக்கு என்பதையெல்லாம் எண்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பேசியாயிற்று. அந்தப் பானம் என்ன சுவை என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்பதே இங்கே கேவலம். மதுவைப் பற்றி நம் தமிழில் இரண்டு வகைப் பேச்சுத்தான் உண்டு: ஒன்று தலைகுனிவு, மற்றொன்று வீம்பு. 'குடிகாரன்' என்பதற்கும் 'நாலு ரவுண்டு போட்டேன்' என்பதற்கும் நடுவில் ஒரு சொல்லும் கிடையாது.

இனி அந்த டப்பா எங்கள் வீட்டுக்கு வந்த கதை. சத்தியவேட்டுப் பக்கத்தில் ஸ்ரீசிட்டி என்னும் தொழில் நகரம் இருக்கிறது. இசுசு மோட்டார் தொழிற்சாலை 2016இல் அங்கே திறக்கப்பட்டது. வேறு பல ஜப்பானியக் கம்பெனிகளும் அங்கு உண்டு. அவற்றில் ஒன்றில் என் பெரியம்மா மகன் வேலை பார்க்கிறார். பயிற்சிக்காக மூன்று மாதம் ஜப்பானுக்குப் போய்விட்டுப் பொங்கலுக்குத் திரும்பினார். அம்மாவுக்கு ஒரு மடக்குக் குடை, எனக்கு இரண்டு டப்பா. சுங்கச் சாவடியில் ஒரு பயணிக்கு இரண்டு லிட்டர் வரை இடமுண்டு. இவை இரண்டும் சேர்ந்து முக்கால் லிட்டர்கூட இல்லை. "நீ படிக்கிறதே இதைப் பத்தித்தானேடா, பரீட்சைக்கு உதவும்" என்றார் அண்ணன்.

டப்பாவின் மேல் நிலவுப் படம். பெயரை ஆங்கில எழுத்தில் படித்தேன்: யோனா யோனா ஏல். மீன் வயிற்றில் மூன்று நாள் இருந்த விவிலியத்து யோனா நினைவுக்கு வந்தார். அவருக்கும் இதற்கும் உறவில்லை. பெயரின் பொருளைப் பின்னால் சொல்கிறேன். வினையே அதில்தான் இருந்தது.

ஜப்பானியர் பீர் காய்ச்சக் கற்றுக்கொண்டது பத்தொன்பதாம் நூற்றாண்டில். சப்போரோவில் 1876இல் அரசே ஒரு வடிசாலை திறந்து, ஜெர்மனியில் தொழில் கற்றுத் திரும்பிய செய்பெய் நாகாகாவாவிடம் ஒப்படைத்தது. அன்று முதல் அவர்கள் வழி ஜெர்மன் வழி: குளிர்ந்த சூட்டில் மெல்லப் புளித்து, அடியில் படியும் ஈஸ்டால் ஆகும் லாகர். நாளடைவில் அந்தத் துறை நான்கு பெரிய கம்பெனிகளின் கைக்குள் அடங்கியது. ஆண்டுக்கு 2,000 கிலோலிட்டர் காய்ச்ச முடியாதவனுக்கு உரிமமே இல்லை என்றால் சிறியவன் எங்கே நுழைவது? 1994இல் அந்த வரம்பை 60 கிலோலிட்டராக இறக்கினார்கள். ஊருக்கு ஊர் சிறு வடிசாலைகள் முளைத்தன. நாகானோ மாகாணத்துக் கருயிசாவாவில் விடுதி நடத்திவந்த ஹோஷினோ குடும்பத்தவர் ஒருவர் தொடங்கிய வடிசாலை, 1997இல் இந்த யோனா யோனாவை வெளியிட்டது. மற்றச் சிறு வடிசாலைகள் சுற்றுலாப் பயணிக்கு நினைவுப் பொருளாகப் புட்டி விற்றுக்கொண்டிருக்க, இவர்கள் டப்பாவில் அடைத்து நாடெங்கும் கடைகளில் வைத்தார்கள். லாகர் அன்று, ஏல். அதிலும் பேல் ஏல்.

பேல் ஏலுக்கும் நமக்கும் பழைய உறவு ஒன்றுண்டு. முற்காலத்தில் முளைதானியத்தை விறகு நெருப்பில் உலர்த்தியதால் சரக்கு கறுத்துப் புகை நாறியது. இங்கிலாந்தில் கல்கரி வழக்குக்கு வந்த பின்பு புகையின்றி உலர்த்த முடிந்தது, நிறம் வெளிறியது. 'பேல்' என்றால் அவ்வளவுதான். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டன் போ வடிசாலையின் ஹாட்ஜ்சன் இத்தகைய ஏலைக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் தலைவர்களுக்குக் கடன் கொடுத்து அனுப்பினார். அது நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு பம்பாய்க்கும் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் வந்தது. பின்னர் 1820களில் பர்ட்டன் ஊர்க்காரர்கள் அந்தச் சந்தையைப் பிடித்தார்கள். அவ்வூர்க் கிணற்று நீரில் கரைந்திருக்கும் ஜிப்சம் கசப்பைக் கூர்மையாக்கும். இந்தியக் கப்பலுக்காகவே அதிகக் கசப்புச் சேர்த்து ஒருவர் கண்டுபிடித்தார் என்று சொல்லும் கதை முழு உண்மையன்று. கறுப்புப் பீரும் அதே கப்பல்களில் கெடாமல் வந்துசேர்ந்ததுண்டு. எப்படியாயினும் அது வெள்ளைக்காரத் துரைமார் தொண்டைக்கு வந்தது, நமக்கன்று. மேற்கிலிருந்து வந்தபோது கிடைக்காதது, இருநூறாண்டு சுற்றி, கிழக்கிலிருந்து ஒரு ஸ்ரீசிட்டித் தொழிலாளியின் பையில் விஜயபுரத்துக்கு வந்திருக்கிறது.

அண்ணன் எதையும் மறைக்கவில்லை. "சின்னம்மா, இது பீரு. இவனுக்காக எடுத்தாந்தேன்" என்று டப்பாக்களைத் தரையில் வைத்தார். அம்மா சற்று நேரம் அவற்றையே பார்த்தார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே பேசினார்:

"குடிக்கிறதுன்னா எனக்கெதிர்ல குடி. வெளியில போயி, வயக்காட்டுல போயி, அதெல்லாம் வாணாம்."

இது அனுமதியா, தண்டனையா என்று எனக்கு விளங்கவில்லை. ஒரு டப்பாவை மண்பானைத் தண்ணீரில் போட்டோம். தை மாதத்துக் குளிரில் அது போதும். ஏலைப் பனிக்கட்டி போல் குளிரவைத்தால் மணம் எழாது, நாவும் மரத்துப்போகும் என்பது நூலறிவு. இரவுச் சாப்பாடு முடிந்தது. அண்ணன் டப்பாவைத் துடைத்து எடுத்து வந்தார்.

"இன்னாடா எழுதியிருக்குது அதும்மேல?" என்றார் அம்மா.

"யோனா யோனான்னு பேரு, சின்னம்மா."

"அப்டின்னா?"

அண்ணன் நல்லவர், கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுவார். "ஜப்பான் பாஷையில 'ராத்திரிக்கு ராத்திரி'ன்னு அர்த்தம்" என்றார்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்தினார். எங்கள் வீட்டில் பல ஆண்டு இரவுதோறும் ஒன்பது மணிக்குமேல் அந்தக் கதவு திறக்கும் ஓசையைக் கேட்டு, கால் எத்தனை தடவை வாசற்படியில் இடறுகிறது என்பதை வைத்தே அன்றைய நிலையை அளந்தவர் அவர். விளம்பரக்காரன் எவனோ, நிலவொளியில் நிதானமாக ஓய்வெடுக்கும் ஒருவனை எண்ணி வைத்த பெயராக இருக்கலாம். அதே சொல்லுக்கு எங்கள் வீட்டில் வேறு அகராதி இருந்தது. திரும்பி வந்து சுவரோரம் உட்கார்ந்து, "ஊத்துங்க, பாக்கலாம்" என்றார்.

எவர்சில்வர் தம்ளர் இரண்டில் ஊற்றினோம். நுரை இரண்டு விரற்கடை எழுந்தது. சோடா நுரை போல் உடனே அவியவில்லை. முளைதானியத்தின் புரதமும் ஹாப்பின் கசப்புப் பொருளும் கைகோத்து நிற்பதால் அப்படி. மூக்கருகே கொண்டுபோனேன். பம்பளிமாஸ் பழத்தை உரிக்கும்போது தோலிலிருந்து கையில் தெறிக்குமே எண்ணெய், அந்த மணம். கூடவே நார்த்தை இலையைக் கசக்கினாற்போல் ஒரு பச்சை வாசம். எலுமிச்சை இனத்துப் பழம் எதுவும் இதில் இல்லை என்பதுதான் வேடிக்கை. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் வளர்த்து 1972இல் வெளியிட்ட காஸ்கேட் என்னும் ஹாப் வகையின் வேலை அது. ஹாப் பூவிலுள்ள மிர்சீன், லினலூல், ஜெரானியால் முதலியவை மூக்கை ஏமாற்றுகின்றன. இந்த ஹாப், கஞ்சாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒன்றுவிட்ட தங்கை எனலாம். கோடையில் நீண்ட பகல் வேண்டும் அதற்கு. பதின்மூன்றாம் அட்சரேகையில் இருக்கும் நம் ஊரில் பிழைப்பது கடினம்.

முதல் மிடறு. நாக்கில் முதலில் பட்டது கசப்பன்று. முளைகட்டிய கேழ்வரகை வறுத்து அரைக்கும்போது வரும் ஒரு தானிய இனிப்பு. அதன் பின்னால், பாகு பதம் தாண்டிச் சற்றே சிவந்த வெல்லம் போன்ற ஒன்று. கோலி சோடாவைப்போல் அடித்துப் பிடிக்காமல் மெல்லிய குறுகுறுப்பு. விழுங்கிய பிறகுதான் கசப்பு வந்தது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. வேப்பிலை முன்வாசல் வழியாக வந்து அறைகிறது. இது பின்வாசல் வழியாக வந்து, நாவின் அடிப்பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, போக மறுத்தது. சுண்டைக்காய் வற்றலுக்கு மிக நெருங்கிய உறவு. ஹாப்பிலுள்ள ஹியூமுலோன் தண்ணீரில் எளிதில் கரையாது. ஒரு மணி நேரம் கொதித்து மூலக்கூறு உருமாறிய பின்புதான் கரைந்து கசக்கும். காய்ச்சும் நேரமே கசப்பின் அளவு. மனிதனுக்குக் கசப்பை உணர இருபத்தைந்து வகை உணர்விகள் இருக்கின்றன. இனிப்புக்கு ஒரே ஒரு வகை. நஞ்சு பெரும்பாலும் கசக்கும் என்பதால் இயற்கை இந்தப் பக்கம் மட்டும் இத்தனை காவலரை நிறுத்தியிருக்கிறது. அத்தனை காவலரும் கூவ, அவர்களைக் கடந்து ஒன்றைப் 'பரவாயில்லை' என்று உள்ளே விடுவதில் ஒரு தனி இன்பம் இருக்கிறது. எனக்குப் பிடித்தது; ஒளிப்பானேன்?

குறையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் மிடற்றுக்கெல்லாம் மணம் தேய்ந்து கசப்பு மட்டும் தனித்து நின்றது. பயணப் பெட்டியின் சூட்டில் ஹாப்பின் மணம் ஆவியாகாவிட்டாலும் ஆக்ஸிஜன் பட்டு மாறியிருக்கும். ஜப்பானில் குடித்தபோது மணம் கடைசி வரை நின்றதென்று அண்ணன் சத்தியம் செய்கிறார். ஆங்கே அதிகம் விற்பது 1987இல் வந்த அசாகி சூப்பர் டிரை போன்ற லாகர்கள்தாமாம். அவை விழுங்கியதும் நாவில் ஒன்றும் மிஞ்சாதபடி காய்ச்சப்பட்டவை. நினைவில் நிற்கக்கூடாது என்றே செய்யப்படும் சுவையும் உண்டு போலும்.

அம்மா தம்ளரை வாங்கி மோந்து பார்த்தார். "நார்த்தங்கா ஊறுகா வாசனை வருது" என்றார். வேதியியல் படிக்காமலே லினலூலைக் கண்டுபிடித்துவிட்டார். பிறகு, யாரிடமோ சொல்வதுபோல், "உங்கப்பா மூக்கைப் புடிச்சிக்கினுதான் குடிப்பாரு. ஒரே மடக்கு. மூஞ்சி சுளிப்பாரு. ஊறுகாயைத் தொட்டு நக்குவாரு, அந்த ருசி போவறதுக்கு" என்றார்.

தந்தையார் குடித்ததை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், இதைப் பார்க்கவில்லை. ஓர் ஆயுள் முழுவதும் குடித்தவர், குடித்த பொருளை ஒருமுறைகூடச் சுவைக்கவில்லை! நாளெல்லாம் தறியில் நின்ற மனிதர்க்கு விற்கப்பட்டது விழுங்குவதற்கென்றே செய்யப்பட்ட பண்டம். கணக்கும் போட்டுப் பார்த்தேன். நம் நாட்டு விஸ்கி, பிராந்தி 42.8 சதவிகிதம். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் ஏறத்தாழ 60 கிராம் ஆல்கஹால். என் தம்ளரில் இருந்தது 5.5 சதவிகிதச் சரக்கில் பாதி டப்பா, ஏழரை கிராம். எட்டு மடங்கை அவர் ஒரே மடக்கில் முடித்திருக்கிறார்.

நம் மண்ணில் எப்போதும் இப்படித்தான் இருந்ததா? தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை நம் வேங்கடத்தை வட எல்லையாகக் கொண்ட தொண்டை நாட்டின் பாட்டு. அதில் வலைஞர் வீட்டில் மது ஆக்கும் முறை வருகிறது. அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற தட்டில் ஆறவிட்டு, முளைநெல்லை இடித்துச் சேர்த்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து, பின்பு பிழிந்தெடுக்கிறார்கள். முளைநெல் எதற்கு? முளைக்கும் தானியத்தில் அமைலேஸ் என்னும் நொதி சுரக்கும். அது மாச்சத்தைச் சர்க்கரையாக்கும். சர்க்கரையை ஈஸ்ட் உண்ணும். ஜப்பானியன் வாற்கோதுமையில் செய்வதைத் தொண்டை நாட்டுப் பெண் நெல்லில் செய்திருக்கிறாள். தேறல், நறவு, தோப்பி, பிழி என்று வகைக்கு ஒரு பெயர் அன்று இருந்தது. வகை பிரித்துப் பெயர் வைப்பவன் நாவில் வைத்துப் பார்த்தவனாகத்தான் இருக்க வேண்டும். இன்று மிஞ்சியிருக்கும் பெயர்கள் குவார்ட்டர், ஆஃப், ஃபுல். அளவுகள்!

இதை நான் அம்மாவிடம் சற்று உணர்ச்சியோடே சொன்னேன். மெல்லச் சுவைத்துக் குடிக்கச் செய்தது வேறு, மடக்கென்று விழுங்கச் செய்தது வேறு. ருசி இருந்தால் மனிதன் நின்று நிதானிப்பான், என்றேன். அண்ணனும் தலையாட்டினார். அம்மா கேட்டார்:

"உங்கப்பாவுக்கு அது புடிக்கவே புடிக்காது. புடிக்காததையே வுட முடியல அவரால. நீ புடிச்சிருக்குதுன்ற. புடிச்சத எப்பிடிடா வுடுவே?"

வகுப்பில் எந்தப் பேராசிரியரும் என்னை இப்படி மடக்கியதில்லை. விடுதிக்குத் திரும்பியதும் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்து உளவியலறிஞர் கென்ட் பெரிட்ஜ் பல்லாண்டு ஆராய்ந்து காட்டியிருப்பது இதைத்தான்: மூளையில் ஒன்றை விரும்பிச் சுவைப்பதற்கும் அதை வேண்டித் தவிப்பதற்கும் வெவ்வேறு பாதைகள். டோபமைன் ஓடுவது தவிப்பின் பாதையில். போதைப் பழக்கம் ஏற ஏற, சுவை கூடாமலே, ஏன், குறைந்துகொண்டே போனாலும், தவிப்பு மட்டும் வளரும். எலிகளையும் எந்திரங்களையும் வைத்து அவர்கள் கண்டதை அம்மா வாசற்படியில் உட்கார்ந்து கண்டிருக்கிறார். இதிலிருந்து என் கட்சிக்கும் ஒரு வாதம் எடுக்கலாம்: சுவையும் தவிப்பும் வேறென்றால், சுவைப்பவனெல்லாம் தவிப்பான் என்பதில்லை. ஆனால் எந்த மிடற்றில் ஒரு பாதை மற்றொன்றாக மாறுகிறது என்பதை அந்த ஆராய்ச்சியில் நான் காணவில்லை. ராத்திரிக்கு ராத்திரி என்று பெயர் எழுதிய டப்பாவின் எதிரில் அம்மா கேட்டது அந்த மிடற்றைத்தான்.

தம்ளரில் மிச்சமிருந்ததைக் குடித்து முடித்தேன், கொட்டிவிடவில்லை. அம்மா இரண்டு தம்ளரையும் வாங்கிப் போய்ப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினார். படுக்கும்போது மணி பத்து இருக்கும். நள்ளிரவில் தாகம் எடுத்து எழுந்தேன். இருட்டில் பானையைத் துழாவும்போது, சுவரோரத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது, தூக்கக் கலக்கம் சிறிதும் இல்லாமல்:

"இன்னா, தலை சுத்துதா?"

"இல்லம்மா. தண்ணி."

ஏழரை கிராமைக் கல்லீரல் ஒரு மணி, மிஞ்சினால் ஒன்றரை மணி நேரத்தில் எரித்து முடித்துவிடும். அப்போது என் உடம்பில் ஒரு துளியும் இருந்திருக்க முடியாது. அந்தக் கணக்கை அவரிடம் சொல்லவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வந்து படுத்தேன். அவர் புரண்டு படுக்கும் ஓசை வெகு நேரம் கழித்துத்தான் கேட்டது.

மறுநாள் காலை அண்ணன் ஸ்ரீசிட்டிக்குப் புறப்பட்டார். இரண்டாவது டப்பா பானையருகில் அப்படியே இருந்தது. "இதை வச்சிட்டுப் போவட்டுமா?" என்று அவர் என்னைக் கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் தார்க்குழல்களைக் கூடையில் எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. "நீங்களே எடுத்துட்டுப் போங்கண்ணா" என்றேன்.